விருது மேடைக்கு இறுக்கிய கொண்டை

பதினெட்டு வருஷமாக ஒரு விபத்துகூட நடக்காமல் பார்த்துக்கொண்ட ஆலைப் பாதுகாப்பு அதிகாரிக்கு விருது. மேடையேற வேண்டிய அன்று காலை மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது: கொண்டை வேண்டாம், முடியை விரித்துவிட்டு வந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும்.

சீப்போடு நின்ற தங்கையும் ஒத்து ஊதினாள். "ஒரு நாள்தானேக்கா."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விரிச்ச முடியோட மெஷின்கிட்ட போன எத்தனை பொண்ணுங்கள வாசலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன். அதுக்குத்தான்டி இந்த விருதே. அவங்க எல்லாரும் முன்வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் விரிச்சுப் போட்டுட்டுப் போறது?"

தங்கை கொண்டையை முறுக்கினாள்.

"இன்னும் ரெண்டு ஊசி குத்து. போட்டோவுக்கு விரிச்ச முடிதான் வேணும்னா, அந்த மனுஷன் தன் வழுக்கையில வளர்த்துக்கட்டும்."