மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீடு

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யாங்கி இரண்டு பேரை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். ஆணுக்குப் பூண்டு சூப்பு என்று பெயர், பெண்ணுக்குத் தேன் ரொட்டி. யாங்கி வைத்த பெயர்கள்தான். நேபாளத்து மலையூரான கியாஞ்சினில் விடுதி நடத்துகிற எல்லாரும் இப்படித்தான். ஒரே மாதிரி தொப்பியும் ஒரே மாதிரி கோட்டும் போட்ட இருபது முப்பது பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது யார் பெயர் என்ன என்று எப்படி ஞாபகம் வைப்பது? எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களோ அதுதான் பெயர். ஆள் மலையிறங்கியதும் அந்தப் பெயரும் இறங்கிப் போய்விடும்.

இந்த இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். கடலோர நாடு ஏதோ ஒன்று. வழிகாட்டியும் இல்லாமல் சுமைதூக்கியும் இல்லாமல், தங்கள் மூட்டையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து நான்கு நாள் தங்கினார்கள். அவர் தினமும் காலையில் சொல்லாமலே அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வருவார். அந்த அம்மாள் யாங்கியோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது முப்பது வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டே மருமகள்களைப் பற்றியெல்லாம் பேசிவிட்டார்கள்.

கிளம்பும்போது யாங்கி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "கீழ லாங்டாங்ல எங்க அக்கா விடுதி. நீலக் கதவு. மத்தியானம் அங்கதான் சாப்பிடணும், வேற எங்கயும் நிக்கக் கூடாது. தங்கச்சி அனுப்பினான்னு சொன்னா போதும்."

அந்தப் பள்ளத்தாக்கில் பிழைப்பு ஓடுவதே இப்படித்தான். மேலே இருக்கிறவள் இறங்குகிற ஆட்களைக் கீழே இருக்கிற சொந்தக்காரிக்கு அனுப்புவாள். கீழே இருக்கிறவள் ஏறுகிறவர்களை மேலே அனுப்புவாள். யாங்கியின் அக்கா செசாங் பதினோரு வருஷமாக அனுப்பிய ஆட்களால்தான் யாங்கியின் வீட்டில் இரண்டாவது மாடி எழுந்தது.

பன்னிரண்டு மணிக்கு நான்கு நிமிஷம் இருந்தபோது தரை ஆடியது. அந்த இரண்டாவது மாடிதான் முதலில் போனது. யாங்கி மாவுப் பாத்திரத்தோடு வெளியே ஓடி வந்தாள். தரை நின்ற பிறகு காற்று வந்தது. பனியும் கல்பொடியும் கலந்த காற்று. ஆளைத் தூக்கிப் போட்டது. மேய்ச்சலுக்குப் போயிருந்த அவள் புருஷன் பின்ஜோ, மாவுக்குள் விழுந்தவன் மாதிரி தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து சேர்ந்தான். உயிரோடு வந்தான். அவள் அவன் காதைப் பிடித்துப் பார்த்தாளாம், நிஜமா என்று.

மறுநாள் கீழேயிருந்து ஒரு ஆள் ஏறி வந்து லாங்டாங் ஊர் இல்லை என்றான். பாதை போய்விட்டது, பாலம் போய்விட்டது என்று சொன்னால் புரியும். ஊர் இல்லை என்றால் எப்படிப் புரியும்? மேலே தொங்கிக்கொண்டிருந்த பனியும் பாறையும் மொத்தமாக வந்து மூடிவிட்டிருந்தன. நீலக் கதவு இருந்த இடத்தில் மூன்று ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி. அன்றைக்கு ஊரில் ஒரு பெரியவருக்கு கேவா, அதாவது இறந்தவரை வழியனுப்புகிற சடங்கு. அதனால் எல்லாரும் ஊருக்குள்ளேயே கூடியிருந்தார்கள், செசாங்கும்.

கேவா திங்கட்கிழமை என்றுதான் யாங்கி நினைத்திருந்தாள். லாமா நாள் பார்த்து முன்னால் நகர்த்திய சேதி கியாஞ்சினுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் அவளும் போயிருப்பாள். இதை நினைத்து நன்றி சொல்வதா அழுவதா என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. ஆனால் இன்னொன்று தெரிந்தது. கேவா நடக்கிற ஊருக்குள் வழிப்போக்கர் யார் நுழைந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடாமல் விடமாட்டார்கள். எட்டு மணிக்குக் கிளம்பியவர்கள் பத்தரைக்கு அங்கே போயிருப்பார்கள். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பாள்.

ஹெலிகாப்டர் யாங்கியையும் பின்ஜோவையும் காட்மாண்டுக்குக் கொண்டுபோனது. ஒரு மடத்து முற்றத்தில் கூடாரம். முன்பின் தெரியாதவர்கள் அரிசி கொண்டுவந்தார்கள், செருப்பு கொண்டுவந்தார்கள். ஒரு தையல்காரி தன் மெஷினையே கொண்டுவந்து போட்டு, கிழிந்ததையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். தூதரகத்து ஆட்கள் காணாமல் போனவர்களின் படங்களோடு வந்தபோது யாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த விருந்தாளிகள் இரண்டு பேரும் அதில் இல்லை. விவரம் எழுதிக்கொண்டிருந்த இளைஞன் பெயர் என்ன என்று கேட்டான். பூண்டு சூப்பு என்றாள். அவன் பேனாவை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு அப்படியே எழுதிக்கொண்டான். அதற்காக அவள் அவனை இன்றைக்கும் நல்லவன் என்பாள்.

படம் இல்லாவிட்டால் பிழைத்துவிட்டார்கள் என்று பின்ஜோ சொன்னான். தேட ஆள் இல்லாதவர்களுக்கும் படம் இருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வசந்தத்தில் ஊர் திரும்பினார்கள். கீழ்க் கிராமங்களிலிருந்து ஆட்கள் தகரத்தையும் மரச்சட்டத்தையும் முதுகில் சுமந்து கொண்டுவந்தார்கள். அவர்கள் வீடுகளும்தான் விழுந்திருந்தன. "எங்களுக்குச் சாலை இருக்கு, உங்களுக்கு முதுகுதான இருக்கு," என்றார்கள். பழைய விருந்தாளிகள் சிலர் சம்மட்டி பிடித்துக் கல் உடைத்தார்கள். அந்த இலையுதிர்காலத்துக்குள் மூன்று அறை எழுந்து யாங்கியின் அடுப்பு எரிந்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பத்து பேர், பிறகு முப்பது பேர்.

அவர்கள் கிளம்பும்போது கேட்பார்கள், மதியம் எங்கே நிற்கலாம் என்று. யாங்கிக்கு வாய் திறக்காது. வழியில் எல்லாம் இருக்கிறது என்பாள். உள்ளே போய்விடுவாள்.

இதில் அடிபட்டது நுர்சுங். செசாங்கின் புருஷன். வழிகாட்டி வேலையாக அன்றைக்குக் காட்மாண்டுவில் இருந்ததால் பிழைத்தவன். புதைந்த ஊருக்குக் கொஞ்சம் மேலே எல்லாரும் புது ஊர் கட்டியபோது அவனும் இரண்டு அறை கட்டி, கதவுக்கு நீலம் அடித்து, சமையல் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்ற விடுதிகளுக்கு மேலே ஒரு அண்ணியோ சித்தியோ இருந்து ஆள் அனுப்பினார்கள். இவனுக்கு இருந்தது யாங்கி ஒருத்திதான். கியாஞ்சினிலிருந்து இறங்குகிறவர்கள் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். ஒரு பருவம் முழுக்கப் பொறுத்தான். இரண்டாவது பருவத்தில் அரை மூட்டை உருளைக்கிழங்கைச் சாக்காக முதுகில் கட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"கொழுந்தியா, என் சமையலைப் பத்தி யாராவது வந்து சொன்னாங்களா?"

"இல்லையே அத்தான்."

"அப்ப ஏன் ஆள் அனுப்ப மாட்டேங்குற? சாப்பிட்டுப் பார்த்து திட்டுறதுக்காவது ஒருத்தன் வேணாமா? மாவுல வண்டு விழுந்து கிடக்கு. அதுங்கதான் இப்ப எனக்கு விருந்தாளி."

பின்ஜோ சிரித்தான். யாங்கி சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கைக் கொட்டிப் பரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "நான் அனுப்பின கடைசி ரெண்டு பேர் என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டு வாசல்லதான் உக்காந்திருந்திருப்பாங்க. நான் சும்மா இருந்திருந்தா அவங்க பாட்டுக்கு நேரா இறங்கிப் போயிருப்பாங்க."

நுர்சுங் ஒரு கிழங்கை எடுத்து அதன் மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். "உங்க அக்காவும் அங்கதான் இருந்தா," என்றான். "அவளை யாரும் அனுப்பல."

பிறகு டீ குடித்துவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் ஒரு முட்டை நூடுல்ஸும் இரண்டு பருப்புச் சோறும் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, யாங்கி அடுப்பைப் பின்ஜோவிடம் விட்டுவிட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். அனுப்பத்தானே முடியவில்லை, கூட்டிக்கொண்டு போகலாம் இல்லையா? இரண்டரை மணி நேரம் அவர்களோடு நடந்து நீலக் கதவுக்குள் உட்காரவைத்து, சோறு தட்டில் விழுவதைப் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் ஏறித் திரும்பினாள். அடுத்த நாளும் போனாள். அந்தப் பருவம் முழுக்கப் போனாள். விருந்தாளிகள் இதெல்லாம் விடுதியின் உபசரிப்பு என்று நினைத்து அவளைப் படம் எடுத்தார்கள். பக்கத்து விடுதிக்காரிகள், யாங்கி புருஷனைச் சமைக்கவிட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள், அவன் கை ருசியில் பாதிப் பேர் ஒரு நாள் முன்னாலேயே ஓடிவிடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

நுர்சுங் அவளுக்கும் ஒரு தட்டு வைப்பான். பருப்பில் உப்பு கூடுதல் என்று அவள் சொல்வாள். உன் அக்காவும் இதைத்தான் சொல்வாள் என்பான்.

வசந்தத்தில் ஒரு காலை, யாக் கலப்பில் பிறந்த அவர்களுடைய சௌரி மாடு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. பின்ஜோ கன்றின் காலைப் பிடித்து இழுக்க, யாங்கி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு அப்பாவும் மகளும் மூட்டையோடு நின்றார்கள். அவளால் எழுந்திருக்க முடியாது. கையெல்லாம் ரத்தம். "கீழ லாங்டாங்ல நீலக் கதவு," என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது. "எங்க அத்தான் வீடு. மத்தியானம் அங்க சாப்பிடுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். கன்று பிறந்து, எழுந்து நின்று, பாலும் குடித்துவிட்டது. யாங்கி போனைக் கையில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி நின்றாள். பதினொன்று ஆகும்போது போன் ஒரு தடவை அடித்து நின்றது. அவள் கூப்பிட்டாள்.

"வந்துட்டாங்க," என்றான் நுர்சுங். "அந்தப் பொண்ணு ரெண்டாவது தட்டு கேக்குது. நீ வரலியேன்னு உனக்கு வச்ச தட்டை அதுக்குப் போட்டுட்டேன்."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆள் வந்து சேர்ந்ததும் கீழேயிருந்து மேலே ஒரு மிஸ்டு கால். முதலில் சிரித்த பக்கத்து விடுதிக்காரிகளும் ஒவ்வொருத்தியாகத் தங்கள் சொந்தக்காரிகளிடம் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது பருவ காலத்தில் பதினொரு மணிக்குக் கியாஞ்சினில் நின்றால், வீட்டுக்கு வீடு போன் ஒரு முறை அடித்து நிற்பது கேட்கும். யாரும் எடுக்கமாட்டார்கள். யாங்கி மட்டும் ஒவ்வொரு முறையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நிலநடுக்கம் நடந்து ஏழு வருஷம் கழித்து, ஒரு நாள் பிற்பகல் நுர்சுங் அழைப்பு எதுவும் கொடுக்காமல் தானே ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. என்ன ஆச்சு என்று யாங்கி பயந்துபோய்க் கேட்டாள். போன்ல சொல்ற விஷயம் இல்ல, உக்காரு என்றான். அவன் விடுதிப் பலகையில் எழுதிவைத்திருந்த எண்ணுக்கு ஒரு சேதி வந்திருந்தது. வெளிநாட்டு எண். அவன் அதை ஒவ்வொரு வரியாக அவர்கள் பாஷையில் மாற்றிப் படித்துச் சொன்னான். நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தான்.

"நீலக் கதவு விடுதிக்காரருக்கு. எங்களை உங்களுக்குத் தெரியாது. நிலநடுக்கத்துக்கு முன்னால் மேல் ஊரில் நான்கு நாள் தங்கினோம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் போன மாதம் உங்கள் மலைக்கு வந்தாள். அவள் காட்டிய ஒரு படத்தில் அந்த மேல் ஊர் விடுதி அம்மா நிற்கிறார், இன்னொன்றில் இந்த எண்ணோடு உங்கள் பலகை. அவர் உயிரோடு இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். விசாரித்தால் அது உறுதியாகிவிடுமோ என்று பயந்து விசாரிக்காமலே இருந்துவிட்டோம். மன்னிக்கச் சொல்லுங்கள்.

அன்று பத்தரைக்கு நீலக் கதவுக்குப் போனோம். தங்கச்சி அனுப்பினார் என்றோம். அங்கே இருந்த அம்மா சிரித்துவிட்டார். அவளுக்கு அனுப்ப மட்டும்தான் தெரியும், இன்றைக்கு என் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை என்றார். சடங்கு வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். என் கணவர் ஷூவைக்கூடக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எங்களையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். லாமாக்கள் படித்து முடிக்க மத்தியானம் தாண்டிவிடும், உங்களுக்கு வயதான கால், மழைக்கு முன்னால் இறங்குங்கள் என்றார். மறுபடியும் ஷூ போடவைத்தார். தொப்பி நிறைய அவித்த உருளைக்கிழங்கும், காகிதத்தில் மிளகாய் உப்பும் கொடுத்தார். நாங்கள் தயங்கியபோது என் கணவரின் மூட்டையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிவிட்டார். கீழே தாங்ஷ்யாப் ஊரைத் தாண்டி ஒரு பாறைக்கடியில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் தரை ஆடியது. அந்தப் பாறைதான் எங்களைக் காப்பாற்றியது.

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். இரண்டு பேரப் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். மேல் விடுதி அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் எங்களைச் சரியான வீட்டுக்குத்தான் அனுப்பினார்."