ஒற்றைக் கொடி

கலிஃபோர்னியா சன்னிவேலில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடும் எங்கள் கிளப்புக்குப் பத்து வயதாகிறதாம். சரித்திரம் எழுதுகிறார்கள். ஆளுக்கு இரண்டு வரி கேட்டிருந்தார்கள்.

மெல்போர்னில் வேலை பார்த்தபோது என் கணவரைப் பிடித்த பைத்தியம் இது. அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு இங்கே ஒன்பது பேர் சேர்வதே பெரும்பாடு. சனிக்கிழமை காலை, கிரிக்கெட் மைதானத்தில் பக்கத்துக்கு நான்கு பிளாஸ்டிக் குழாய்களை நட்டால் அதுதான் கோல் போஸ்ட். தயிர்சாத டப்பாவோடு சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக் கோல் அம்பயர் ஆக்கிவிட்டார்கள். நடுப் போஸ்ட்டுகளுக்கு நடுவே பந்து சுத்தமாகப் போனால் கோல், ஆறு பாயிண்ட், இரண்டு கொடி ஆட்ட வேண்டும். போஸ்ட்டில் உரசினால் ஒரே பாயிண்ட், ஒரே கொடி.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். தப்புக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஆறு வருஷத்தில் இவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. முழங்கால் போய், டாக்டர் போதும் என்றுவிட்டார். கடைசி மேட்ச்சில் எப்படியும் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும், எல்லோருமாகப் பந்தை இவரிடமே தள்ளினார்கள். பக்கத்திலிருந்து உதைத்தார். பந்து என் தலைக்கு மேலே போகும்போது குழாயில் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

எதிரணிக்காரர்களே கைதட்டினார்கள். "அம்மா, ஜஸ்ட் கிவ் இட் டு ஹிம்!" என்று கத்தினாள் மகள். இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கொடியை ஆட்டினேன்.

ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் பேசினார். "கோல் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருப்ப?"

"டொக்னு கேட்டுச்சுங்க."

"யாருக்குக் கேட்டுச்சு? உனக்கு மட்டும்தானே!"

ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக எனக்கே சந்தேகம், நிஜமாகக் கேட்டதா என்று. ஒரே ஒரு கோல், கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று அழுதும் இருக்கிறேன்.

நேற்று இவர் தன் வரிகளை எழுதிவிட்டு, லேப்டாப்பை மூடாமல் எழுந்து போனார். படித்தேன்.

"ஆறு வருஷம், ஒரு பாயிண்ட். போஸ்ட்டில் பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. அம்பயர் என் மனைவி."

பாவி மனுஷன், மூன்று வருஷம்! நன்றாகத் திட்டிவிடுவது என்று கராஜுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு துணியை எடுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.