ஐந்தாம் வெள்ளியன்று அப்பா வந்தார்

போன வாரம் உப்பளம் மைதானத்தில் ஒரு பொருட்காட்சி. ஜெனரேட்டரின் டீசல் வாடையும் ராட்டினத்துக்குப் போட்ட கிரீஸ் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், நாற்பதை எட்டப்போகிற நான் நடுவழியில் வாய் பிளந்து நின்றுவிட்டேன். வெட்கம்தான், என்ன செய்ய? நான் கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரத்தின் வாடை அது.

செஞ்சிப் பக்கத்திலிருந்து அழைத்துவந்து நெல்லித்தோப்பில் ஒரு மாடி அறையில் என்னை விட்டவர் அப்பா. சன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாளை நாலு தரம் போட்டு எடுத்தார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் மனைவி. தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். கிளம்பும்போது அப்பா சொன்னார்: "ரெண்டு வாரம் கழிச்சி வெள்ளிக்கெழம வருவேன். எனக்குத் திருப்தியா இல்லன்னா பொட்டியத் தூக்கினு ஊருக்குப் போய்டலாம்."

வெறும் மிரட்டல் இல்லை, செய்வார். அக்காவின் படிப்பைப் பத்தாவதோடு நிறுத்தியவர்தானே.

எனக்கோ இரண்டே நாளில் ஊர் மறந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழக்கூட இல்லை. காலையில் நீளமான ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்பது, இன்னார் மகள்தானே என்று ஒருவரும் கேட்காத தெருவில் கை வீசி நடப்பது, வகுப்பில் பெயர் கூப்பிட்டால் தேவைக்கு மேல் உரக்க "யெஸ் சார்" போடுவது, எல்லாமே தித்தித்தது. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் மட்டும் பகீரென்றது. அறைத்தோழி புஷ்பா காரைக்கால்காரி. அவளும் நானும் அறையைக் கழுவி, துணிகளை மடித்து வைத்து, அப்பா கண்ணில் படட்டும் என்று ஒரு சாமி படம்கூட வாங்கி மாட்டினோம்.

வியாழன் மதியம் வகுப்பில் சொன்னார்கள், நாளை விடுமுறை என்று. ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினத்து அம்மன் தேர். யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டினால் அது சாதாரண வெள்ளி. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் உண்டு.

"உங்கப்பா எத்தினி மணிக்கு வர்றாரு?" என்றாள் புஷ்பா.

"காலேஜ் விட்டப்பறம், நாலு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்கேன்."

"அப்ப ரெண்டு மணிக்குள்ள வந்துடலாம். கெளம்புடி!"

தேர்வடத்தை ஆளுநரே தொட்டு இழுத்துத் தொடங்கிவைப்பார். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கமாம். நாங்கள் பார்த்ததென்னவோ முதுகுகளைத்தான். சரி, ராட்டினமாவது ஏறுவோம் என்று ஏறினோம். உச்சிக்குப் போனதும் கடல், கண் கொள்ளாத கடல். தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாம் சுற்றில் கீழே பார்த்தால், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் மஞ்சள் பை, ஒவ்வொரு தொட்டியாக அண்ணாந்து தேடுகிற முகம். அப்பா!

என் கல்லூரியைக் கண்ணால் பார்க்கக் காலையிலேயே வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வாசலில் பூட்டு. மகள் பொய் சொல்லிவிட்டாள் என்று பதறி வீட்டுக்கு ஓடினால் அறையிலும் பூட்டு. செல்போனும் என்னிடம் கிடையாது. மதாம்தான், "இன்னிக்கு லீவுங்க. பொண்ணுங்க தேருக்குப் போயிருக்குதுங்க. ராட்டினத்தாண்ட பாருங்க" என்று பஸ் ஏற்றி அனுப்பினாராம். அதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அந்த நேரத்தில், நம் படிப்பு இத்தோடு சரி என்று மட்டும்தான் தோன்றியது. ராட்டினமோ நின்று தொலைக்கவில்லை. ஆறு தரம் அவர் முகத்துக்கு நேரே இறங்கி, ஆறு தரம் மேலே போனேன்.

"சிரிச்சிக் கைய ஆட்டுடி" என்றாள் புஷ்பா. ஆட்டினேன்.

இறங்கி அவர் எதிரில் போய் நின்றேன்.

"பயமா இல்லியா?" என்றார்.

"இல்லப்பா."

"மேலேர்ந்து இன்னா தெரிஞ்சிது?"

"கடலுப்பா. எம்மாம் பெருசு!"

அவரும் ஒருதரம் எக்கிக் கடல் பக்கம் பார்த்தார். பிறகு மஞ்சள் பையை நீட்டினார். "அம்மா முறுக்கு சுட்டுக் குடுத்தா. அந்தப் பொண்ணுக்கும் குடு. நான் வண்டியப் புடிக்கிறேன், நேரமாவுது." பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பஸ் மறையும்வரை அடக்கிக்கொண்டிருந்து, அப்புறம் நானும் புஷ்பாவும் நடுத்தெருவில் குதித்தோம்.

மதாம் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. புஷ்பா கடல் தாண்டிப் போய்விட்டாள். தேர் வருடா வருடம் ஓடுகிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது. நான் எந்த நேரத்தில் எங்கே போயிருந்தாலும், ஒரு பூட்டிய கதவைப் பார்த்துப் பதறி என்னைத் தேடிக் கிளம்ப இப்போது ஆளில்லை.