பரமேஸ்வரன் சேரின் வான்கோழிப் பெட்டி

பரமேஸ்வரன் சேர் காலமான செய்தி, எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் மோட்டார் பழுது என்ற அறிவித்தலுக்குக் கீழே வந்தது. பின்னாலேயே அஞ்சலிகள் குவிந்தன. "மென்மையான மனிதர்" என்று மேல்மாடிக்காரர் எழுதியிருந்தார். அவருக்குக் காது மந்தம், மன்னிக்கலாம்.

கொட்டாஞ்சேனைக் கப்பல் முகவர் அலுவலகத்தில் அவருக்குக் கீழே என்னோடு வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் விதி என்னை விடவில்லை. அவருடைய வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. "சத்தம் போடாதவனை ஒருத்தரும் மதிக்க மாட்டினம், ஐசே" என்பதுதான் அவருடைய வேதவாக்கு. ஒரே மகன் கஜன் சோதனையில் தவறியபோது, மாடிப்படியில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி திட்டினார். கஜன் கனடாவுக்குப் போனான். அதன் பிறகு தாயோடு மட்டுமே கதைத்தான். தகப்பன் தொலைபேசியை வாங்கினால் இணைப்பைத் துண்டித்துவிடுவான்.

தாய் இறந்த அடுத்த வருடம், ஊருக்கு வந்த ஒருவரிடம் அவன் ஒரு பொதி கொடுத்துவிட்டான். உள்ளே வான்கோழி வேட்டைக்காரர் பறவையை அழைக்கப் பாவிக்கும் கருவிகள். கூடவே ஒரு குரல் செய்தி: "அப்பா, இதிலை ஒண்டைப் பழகிக்கொண்டு சித்திரைக்கு வாங்கோ. காட்டுக்குப் போவம். பேடு மாதிரி மெல்லமாக் கூப்பிட்டிட்டு, பேசாமல் இருக்க வேணும். சேவல் தானா வரும்." சேர் அதை எனக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். மகன் "அப்பா" என்று சொல்லும் இடம் வந்ததும் ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டினார்.

நாக்கின் மேல் வைத்து ஊதும் சவ்வு அவருடைய பல்செட்டைக் கழற்றிவிட்டது. வட்டக் கல்லில் குச்சியால் தேய்க்கும் கருவியை "பாலர் வகுப்பு வேலை" என்று ஒதுக்கினார். மிஞ்சியது மரப்பெட்டி. சோக்குக்கட்டி பூசிய அதன் மூடியை மெதுவாக இழுத்தால் பேட்டின் குரல் வரும். றப்பர் பட்டியை மாட்டிக் குலுக்கினால் சேவலின் கொக்கரிப்பு. அவர் எதைத் தேர்ந்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பேடு மாதிரிக் கெஞ்ச நான் ஆர், ஐசே?"

சேவல் குரலைக் கேட்டால், வேறு வேட்டைக்காரன் உண்மையான சேவல் என்று நினைத்துத் துவக்கோடு வருவான் என்று எச்சரித்தேன். "வரட்டும். நான் பயந்த ஆளோ?" மடைத்தனத்துக்கு வீரம் என்று பெயர் வைப்பதில் அவர் மகா கெட்டிக்காரர். காலையும் மாலையும் பல்கனியில் நின்று குலுக்கினார். காகங்கள் கடல் பக்கம் பறந்தன. கீழ்க்கடை முதலாளி என்னை மறித்து, சிங்களத்தில் "மஹத்தயா, ஏ மொகக்த சத்தே?" என்று கேட்டார். என்ன சத்தம் என்று நான் எப்படிச் சொல்வது? மகனைக் கூப்பிடுகிறார் என்றேன்.

சித்திரையில் கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்தவர், "ஒரு குலுக்கல்தான் ஐசே, சேவல் ஓடி வந்திட்டுது" என்றார். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

மரண வீட்டுக்கு வந்திருந்த கஜனிடம் அந்தச் சேவலைப் பற்றிக் கேட்டேன். முதல் நாள் அப்பா குலுக்கிய குலுக்கலில் காடே வெறிச்சென்று போனதாம். "நான் ஒண்டும் சொல்லேல்லை, அங்கிள். றப்பர் பட்டியைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். அடுத்த நாள் அவரே மூடியை மெல்லமா இழுத்தவர். பிறகு விடிஞ்சு வெயில் ஏறுமட்டும் மரத்தடியிலை எனக்குப் பக்கத்திலை பேசாமல் இருந்தவர்."

"சேவல் வந்ததோ?"

"இல்லை, அங்கிள். வரேல்லை. நாங்கள் எழும்பவும் இல்லை."

அலுவலகத்தில் எங்களுக்காக அந்த வாய் ஒரு நாளும் மூடியதில்லை. அதை நான் மன்னிக்கப் போவதுமில்லை. செத்துவிட்டார் என்பதற்காக ஒருவர் மென்மையானவராகிவிட மாட்டார். ஆனால் கஜன் திரும்பிப் போகும்போது அந்தப் பெட்டியை என் கையில் தந்தான். பட்டியைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று கதவைச் சாத்திவிட்டு மூடியை மெல்ல ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பிறகு, எதிர்வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும், பேசாமல் இருந்தேன்.