சித்தப்பா கொண்டுவந்த சிவப்பு வேர்

எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை ஆறாம் வகுப்பிலேயே நான் தெரிந்துகொண்டுவிட்டேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த சித்தப்பா அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது, வழக்கமான தைலம், சாக்லேட்டோடு ஒரு பொட்டலம் வேரும் கொண்டுவந்தார். செங்கல் நிறத்தில், சீவல் சீவலாக நறுக்கிக் காயவைத்த வேர். டான்ஷென் என்று பெயராம். சீனர்கள் நெஞ்சு நோவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். அப்பாவுக்கென்றே தேடி வாங்கியதாம்.

அப்பாவுக்கு முந்தைய வருடம்தான் இதய வால்வு மாற்றியிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்க வேலையிலிருந்து சாமான் ஸ்டோருக்கு மாற்றலாகிப் பகல் ஷிஃப்ட் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார். புது வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கீரை மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அதைக்கூட அம்மா அளந்துதான் பரிமாறுவாள். அப்படிப்பட்ட குவார்ட்டர்ஸ் சமையலறையில், வந்த மறுநாள் காலையிலேயே, அம்மாவின் பால் பாத்திரத்தில் சித்தப்பா அந்த வேரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றாள் அம்மா. டாக்டர்கள் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஆராய்ச்சியில் நிரூபித்தாகிவிட்டது என்று சித்தப்பா போனை நீட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சீன மொழியில் ஏதோ பேசினார். சித்தப்பாவுக்கும் அது புரியாது. ஆனால் படத்தில் ஒரு இதயம் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அப்பா டம்ளரை வாங்கிக் குடித்தார்.

அக்கா அப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஃபார்ம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா போனில் புலம்பியதைக் கேட்டு, அந்த வேரைப் பற்றி லைப்ரரியில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுச் சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். மறுநாள் நடந்த பேச்சை இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா வேரை மட்டம் தட்டவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்த ஓட்டம் கூடியிருப்பது உண்மைதான் என்றாள். மனிதர்களிடம் செய்த சோதனைகள் பலவும் சின்னவை, ஒழுங்காகச் செய்யாதவை. அவற்றை நம்பி நெஞ்சு நோய்க்கு நல்லது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

"கொணம் தெரிஞ்சுதுன்னு நீயே சொல்றியே," என்றார் சித்தப்பா.

"எலிக்கு, சித்தப்பா."

எலிக்கும் மனிதனுக்கும் உள்ளே எல்லாம் ஒரே மாதிரிதான் என்று அவர் எங்கோ பார்த்திருந்தாராம். அக்கா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். "எலியை விடுங்க. அப்பா சாப்பிடற மாத்திரையோட இது சேர்ந்தா மாத்திரையோட வேகம் கூடிடும். ரத்தம் ரொம்ப இளகிடும். உள்ள எங்கயாவது கசிஞ்சா நிக்காது. அப்படி வந்து படுத்தவங்களைப் பத்தி டாக்டருங்களே எழுதி வெச்சிருக்காங்க."

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அதத்தானே நானும் சொல்லிகினு இருக்கறேன். ரத்தம் இளகி ஓடணும். அதுக்குத்தானே அண்ணன் மாத்திரையே சாப்புடுது."

அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவர் வந்து இன்னொரு பிடி உப்புப் போட்டால் என்னவாகும் என்று கேட்டாள். இது உப்பில்லை, வேர் என்றார் சித்தப்பா. கடைசியில் அவள் அவரை விட்டுவிட்டு அப்பாவிடம் வந்தாள். இனிமேல் குடிப்பதில்லை என்று அப்பா தலையாட்டினார். அந்த நம்பிக்கையில் சாயங்கால பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை காலை பால் பாத்திரம் மறுபடி அடுப்பில் இருந்தது. அம்மா ஒரு நாள் கஷாயத்தைத் தொட்டியில் கொட்டினாள். தெரியாமல் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, சித்தப்பா சிரத்தையாகப் புதிதாக வைத்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, சவரம் செய்யும்போது அப்பாவின் தாடையில் லேசாகக் கீறிவிட்டது. ரத்தம் நிற்கவேயில்லை. துண்டு நனைந்து, வேறு துண்டு மாற்றினோம். சட்டையைக் கழற்றியபோது, முழங்கைக்கு மேலே எங்கும் இடித்துக்கொள்ளாமலே திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பரிசோதித்த டாக்டர், ரத்தம் அபாயமான அளவுக்கு இளகிவிட்டது என்றார். புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார்.

"ஒன்னும் இல்லீங்க. எப்பவும் சாப்புடறதுதான்," என்றார் அப்பா.

அம்மா வாயைத் திறப்பதற்குள், கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த சித்தப்பா முன்னால் வந்தார். "இல்லீங்க. நான் ஒரு சீன வேரு காய்ச்சிக் குடுத்தேன். படிக்கிற பொண்ணு வேணாம்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

டாக்டர் வேரின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, வார்டில் வைத்துக் கவனித்தார்கள். மதியத்துக்குள் கீறலில் ரத்தம் உறைந்துவிட்டது. பயம் இல்லை, ஆனால் சில நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

சித்தப்பா டீ வாங்கப் போன சமயத்தில் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு அவ்வளவு எடுத்துச் சொன்னாளே. உங்களுக்குப் புரியலையா?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "சுரங்கத்துக்கு எடுத்துகினு போன நெலத்துக்கு வூட்டுக்கு ஒரு வேலதான் குடுத்தாங்க. எங்கப்பா என் பேரக் குடுத்துட்டாரு. அவன் கடல் தாண்டிப் போனான். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எனக்குன்னு ஒன்னு தேடி வாங்கியாந்து, நின்னு காய்ச்சிக் குடுக்கறான். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அம்மா போர்வையைச் சரிசெய்தாள். எனக்குக் கோபமாக வந்தது. கேட்டது வேரைப் பற்றி, இவர் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அன்று மாலை அக்கா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். நடந்ததையெல்லாம், அப்பா சம்பந்தமில்லாமல் சொன்ன பதிலையும் சேர்த்து, நான் ஒப்பித்தேன். அப்பாவுக்குப் படிப்பு பத்தாது, நீ சொன்னது எதுவும் அவர் தலையில் ஏறவில்லை என்றும் சொன்னேன். அதற்கு அக்கா, சித்தப்பா காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

இவளுக்கும் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.