அப்பா சபையில் சொல்லாத பெயர்

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறுபட்டினத்திலேயே பிறந்து படித்துச் சட்டத்தரணியானவர். வேலிச் சண்டையோடு வருபவர்களை முதலில் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்புவார். "உப்பிடிச் சொன்னால் ஆர் உங்களிட்டை வழக்குக் கொண்டருவினம்?" என்று அம்மா சிரிப்பார். தேர்தலில் ஒருமுறை தோற்று, மறுமுறை வென்று பட்டினசபைத் தலைவரானார். கூட்டுறவுக் கிராமிய வங்கிக்கும் அவரே தலைவர்.

அந்த வங்கியில் ஊர்ப் பெண்கள் அடகு வைத்த நகைகள் ஓர் இரும்புப் பெட்டகத்தில் இருந்தன. அதற்கு இரண்டு பூட்டுகள், இரண்டு திறப்புகள். ஒன்று அப்பாவிடம், மற்றது முகாமையாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். பாதுகாப்புக்காக அப்பாவே கொண்டுவந்த முறை அது. வெளியாருக்குத் தெரியாது.

போரில் ஊர் இடம்பெயர்ந்த அன்று காலை எங்கள் வாசல் படலையில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஷெல் கிட்ட விழுந்துகொண்டிருந்தது. "ஐயா, எங்கட நகையளைத் தாங்கோ. கையிலை வேறை ஒண்டுமில்லை." அப்பா தன் திறப்போடு வங்கிக்கு ஓடினார். முகாமையாளர் வரவில்லை. முதல்நாள் பேற்றுவலி கண்ட மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், பாதை மூடியதால் திரும்ப முடியாமல் நின்றார். அது அப்பாவுக்கே பிறகுதான் தெரியும். வாசலில் நின்ற பெண்களிடம் "இப்ப திறக்க ஏலாது" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் போனபின்தான் அப்பா அந்த வாசலை விட்டு வந்தார்.

பின்னர் ஊருக்குத் திரும்பியவர்கள் கண்டது உடைத்த வெறும் பெட்டகம். அடகு வைத்திருந்த அம்மாவின் தாலிக்கொடியும் அதோடு போயிற்று.

"சேர்மன் அள்ளிக்கொண்டு போட்டார்" என்ற கதை எங்களுக்கு முன்னரே கனடாவுக்கு வந்துவிட்டது. பார்க்டேலில் இருந்த காலத்தில் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, அகதி வழக்குக்காரருக்குச் சும்மா உதவினார். உதவி பெற்றவர்களில் பலர் எங்கள் வீட்டு நன்மை தீமைக்கு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் அஜின்கோர்ட்டில் ஊர்ச் சங்கப் பொதுக்கூட்டம். அப்பாவைச் சங்கத்தின் காப்பாளராக, போசகராக முன்மொழிந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்.

"சேர்மன் அண்ணை, முதலிலை எங்கட அம்மான்ரை நகை எங்கையெண்டு சொல்லுங்கோ. உங்கட மனுசியின்ரை கழுத்திலை மஞ்சள் கயிறு என்ன, நாடகமோ?"

சிலர் சிரித்தார்கள். பிறகு கனடாவுக்கு வந்திருந்த அந்த வங்கி முகாமையாளரும், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், எங்கள் வரிசையில்தான் இருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. "சொல்லுங்கோவன்" என்று அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா எழும்பினார். மாமா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, தலைவர் நான். கேக்கவேண்டிய ஆளிட்டைத்தான் கேக்கிறாய். நகையை நான் எடுக்கேல்லை. காப்பாத்தவும் ஏலேல்லை."

போசகர் பதவி வேறொருவருக்குப் போனது. காரில் அம்மா அழுதார். "மற்றத் திறப்பு அவரிட்டை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"சொன்னால் நாளைக்கு அவரின்ரை வீட்டுக்கு ஆர் போவினம்? பெட்டைக்கு இப்பதான் கலியாணம் பேசுகினம். எனக்கு நீங்கள் இருக்கிறியள்."

அந்தப் பெட்டை, மாமாவின் மகள், அந்த இடப்பெயர்வின்போது ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை.

கடைசிக் கிழமைகளில் மாமா ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இருவரும் அதிகம் கதைக்கவில்லை. செத்தவீடு முடிந்து எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, மலரிலை எழுது. திறப்பு என்னட்டை இருந்தது. சபையிலை சொல்ல எனக்கு வாய் வரேல்லை." அம்மா வேண்டாம் என்றார். மாமா கேட்கவில்லை.

அப்பாவைப் பராமரித்த தாதிகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அவர் வீட்டு நன்மை தீமைக்கு நாங்கள் போவோம். நீங்களும் போக வேண்டும்.