மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பஞ்சோடு போனோம்

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. திருச்சுழிக்குப் பக்கத்தில் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் மோட்டார் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகளை வாங்கி வைத்திருந்த சிலர் சேர்ந்து செய்த ஏற்பாடு. அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் வண்டி ஓட்டுவதைப் பார்க்க நான் போகாமல் இருப்பேனா?

கைக்குழந்தைதான் கவலை. எட்டு மாசப் பெண். பிறந்ததிலிருந்து காதில் சீழ் வடிந்து, அருப்புக்கோட்டை டாக்டரிடம் நடையாய் நடந்து, அப்போதுதான் ஆறியிருந்தது. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டும் போக முடியாது. போதாக்குறைக்குத் தமுக்கடிக்க வந்தவர் வேறு, "காது சவ்வு கிழிஞ்சிரும், அவுகவுக காதுக்குப் பஞ்சு கொண்டாந்திருங்க!" என்று தெருத் தெருவாகக் கத்திவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த விவாதம் இருக்கிறதே! என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கொடுத்த ரப்பர் அடைப்பானை எடுத்து வந்தார். அது என் கட்டைவிரல் தண்டி இருந்தது. மாமியார் மெழுகில் முக்கிய துணி என்றார்கள். எண்ணெயில் நனைத்த பஞ்சு என்றார் இன்னொருவர். ஆறின காதில் எண்ணெய் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கடைசியில் எங்கள் கரிசல் காட்டுப் பருத்தியையே கொட்டை எடுத்து, தூசி போகப் பிய்த்து, பூவாக உருட்டிக்கொண்டேன்.

மாட்டுவண்டி பூட்டும்போது மாமனார், "ஏத்தா, மாட்டுக்கு மட்டும் காது இல்லியா?" என்று கேட்டு இரண்டு காளைகளுக்கும் பஞ்சை அடைத்தார். வலத்துக் காளை பேசாமல் இருந்தது. இடத்துக் காளை தலையை ஒரே உதறாக உதறிப் பஞ்சை வெளியே தள்ளியது.

முதல் நாள் சாயங்காலமே போய்க் கரையோரம் கருவேல மர நிழலில் வண்டியை அவிழ்த்துப் போட்டோம். நுகத்தடிக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வண்டிக்கு அடியில் பிள்ளைக்குத் தூளி கட்டினேன். சுற்றிலும் வண்டிகள், அடுப்புப் புகை, திருவிழா மாதிரி இருந்தது. பக்கத்து வண்டியில் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பொம்பளைக்குக் கொஞ்சம் பஞ்சு நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிச் சிரித்தாள். ஆகா, எத்தனை வீராப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயம் தொடங்கியது. யப்பா, என்ன சத்தம்! அத்தனை பேர் காதிலும் பஞ்சு. பேச்செல்லாம் கைச்சாடைதான். பிள்ளை காதில் பஞ்சு வைத்துத் தூங்கப்போட்டுவிட்டு, நானும் மாமனாரும் நாலு எட்டு மேலே கரைச்சரிவில் நின்றோம். என் வீட்டுக்காரர் முன்னால் போனவரை எட்டிப் பிடிக்கப் போகிறார். நான் பெண்பிள்ளை என்பதையும் மறந்து, "விடாதீக! விடாதீக!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பக்கத்து வண்டிக்காரி ஓடுவதைப் பார்த்தேன். ஊரே பந்தயத்தைப் பார்க்கிறது, இவள் எங்கள் வண்டியைப் பார்த்து ஓடுகிறாள். எதற்கு என்று நான் திரும்புவதற்குள் அவள் வண்டிக்கு அடியில் பாய்ந்து, தூளிக்குள்ளிருந்து என் பிள்ளையை வாரிக்கொண்டு மறுபக்கம் உருண்டாள். சக்கரத்தில் கட்டியிருந்த இடத்துக் காளை மிரண்டு இழுத்ததில் முட்டுக்கட்டை நழுவி, வண்டியின் முன்பக்கம் அப்படியே தூளி மேல் இறங்கியது. அது விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். பிள்ளை வீல் வீலென்று அலறிக்கொண்டிருந்தது. தன் காதுப் பஞ்சை எப்போதோ பிடுங்கியிருக்கிறது. எவ்வளவு நேரம் அழுததோ, பெற்றவளுக்குத் தெரியவில்லை. "கடவுளே, கடவுளே" என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி, ஏம்பிள்ளை உசுரக் குடுத்துட்ட" என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன்தான் மூச்சிரைக்க வந்து சொன்னார்.

"அவளுக்குக் காது கேக்காதும்மா. பொறந்ததுல இருந்தே. நாமெல்லாம் சத்தம் வார பக்கம் திரும்பிப் பாப்போம். அவ எல்லாப் பக்கமும் பாத்துக்கிட்டே இருப்பா."

மாமனார் தலையில் இருந்த துண்டை எடுத்து அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் கோயில் ஐயரைத் தவிர யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாலைக் கொடுத்துப் பிள்ளையை அமர்த்துவதற்குள் அடுத்த பந்தயம் கிளம்பிவிட்டது. பஞ்சு வைக்கப் போனேன். பிள்ளை தலையை ஆட்டி அடம் பிடித்தது. அந்தப் பெண் என் மடியிலிருந்து அதை வாங்கித் தன் மடியில் கிடத்தினாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் காதுகளைப் பொத்தினாள். வயல் வேலை பார்த்துக் காய்த்துப்போன கைகள். பிள்ளை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கண் சொருகித் தூங்கிப்போனது. அத்தனை இரைச்சலில்!

அந்தப் பந்தயத்தில் என் வீட்டுக்காரர் இரண்டாவதாக வந்தார். தலையெல்லாம் புழுதியோடு வந்து, "பாத்தியா, எப்படி ஓட்டுனேன்?" என்று கேட்டார். "பாத்தேன், பாத்தேன்" என்றேன். உண்மையில் நான் அந்தப் பெண்ணின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் வண்டிகள் எல்லாம் நின்று, கண்மாய் அடங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை அசைத்த பிறகுதான் மெதுவாகக் கையை எடுத்தாள். சத்தம் என்றால் என்னவென்றே அறியாதவள், அது என் பிள்ளையைத் தீண்டாமல் காத்துக்கொண்டு என் தலையசைப்புக்காக உட்கார்ந்திருந்ததை நினைத்தால், இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.